சுரேந்திரநாதரும் சிவில் ஸர்விஸ் வயதெல்லையும்

கல்கத்தா மாநகரிலே 1848ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10ஆம் நாள் பிறந்தவர் சுரேந்திரநாத பானர்ஜி. தந்தையார் துர்காசரணர் மேனாட்டு மருத்துவத்திற் பெயர்பெற்ற வைத்தியர். மைந்தர் டவ்டன் கல்லூரியிற் பயின்று, 1868இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேயே ரமேச சந்திர தத்தர், பிஹாரிலால் குப்தர் என்னும் தோழர் இருவரோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அவர்கள் நாடிச் சென்றது இந்திய சிவில் ஸர்விஸ் பரீட்சை. அஃது அந்நாளில் இலண்டன் நகரில் மட்டுமே நடைபெற்றது. கடல் கடந்தோரைச் சாதியார் விலக்கிவைத்த காலம் அது. பொருட்செலவோ மிகப் பெரிது. இவ்விரண்டையும் பொறுத்துச் செல்வோர்க்கு வயதென்னும் மற்றொரு தடையும் இருந்தது. 17 வயது நிரம்பியவராயும் 21 வயதைக் கடவாதவராயும் இருத்தல் வேண்டும் என்பது 1866 முதல் நிலவிய விதி. அதுகாறும் அப்பரீட்சையிற் தேறிய இந்தியர் 1863இல் வென்ற சத்தியேந்திரநாத தாகூர் ஒருவரே.

1869இல் தோழர் மூவரும் தேறினர். பம்பாய் மாகாணத்து ஸ்ரீபாத பாபாஜி தாக்கூரும் தேறினார். ஒரே ஆண்டில் இந்தியர் நால்வர்! ஆனால் அம்மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. சுரேந்திரநாதர், தாக்கூர் ஆகிய இருவருடைய வயதையும் ஐயுற்ற பரீட்சை அதிகாரிகள், அவர்தம் பெயர்களைப் பட்டியலினின்றும் நீக்கினர்.

காரணம் யாது? 1863இல் கல்கத்தா சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சைக்குச் சென்றபோது சுரேந்திரநாதர் தம் வயதைப் 16 என எழுதியிருந்தார். 16 நிரம்பியது என அதிகாரிகள் கொண்டனர். அக்கணக்கின்படி அவர் 1869இல் எல்லையைக் கடந்தவராவர். நம் நாட்டு வழக்கோ வேறு. நடக்கின்ற ஆண்டையும் சேர்த்தெண்ணுதல் வங்காளத்தார்க்கும் இயல்பு, நமக்கும் இயல்பு. நம் பாட்டிமார் பேரனுக்குப் பதினாறு நடக்கிறது என்றால், பதினைந்து நிரம்பியது என்பதன்றோ பொருள்? இச்சிறு சொல்வழக்கை அறியாமையால் ஓர் இளைஞரின் வாழ்வே கவிழ இருந்தது.

சுரேந்திரநாதர் வாளா இருந்தாரல்லர். இலண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, இந்தியர் வயதெண்ணும் முறையை எடுத்துக்காட்டி வென்றார். தாக்கூரும் உடன் சேர்த்துக்கொள்ளப்பெற்றார். எனினும் மைந்தர் அதிகாரியாய் மீள்வதைக் காணும் பேறு துர்காசரணருக்குக் கிட்டவில்லை. மகன் அயல்நாட்டிலிருந்தபோதே, 1870இல், அவர் இறைவனடி சேர்ந்தார்.

1871இல் தாயகம் திரும்பிச் சில்ஹெட்டில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பதவியேற்றார். அப்பதவி மூன்றாண்டே நிலைத்தது. ஒரு வழக்கின் பிரதிவாதியைத் தலைமறைவானோர் பட்டியலிற் பிழையாகச் சேர்த்தார் என்பது முதலிய குற்றங்கள் சாட்டப்பெற்று, 1874இல் விலக்கப்பட்டார். பிழை நேர்ந்ததை மறுப்பதற்கில்லை; ஆயினும் அப்பிழைக்கு அத்துணைத் தண்டனை மிகையென்றே எமக்குத் தோன்றுகிறது. இலண்டன் சென்று முறையிட்டும் பயனில்லை. பாரிஸ்டராகும் வழியும் அடைபட்டது. வெறுங்கையோடு மீண்ட அவரை ஈசுவர சந்திர வித்தியாசாகரர் தம் கல்லூரியில் ஆங்கில ஆசிரியராக அமர்த்தினார்.

1876இல் சுரேந்திரநாதரும் நண்பர்களும் இந்தியச் சங்கத்தை நிறுவினர். அவ்வாண்டே இந்தியா மந்திரி ஸாலிஸ்பரி பிரபு, பரீட்சைக்குரிய மேல் வயதெல்லையை 21இலிருந்து 19ஆகக் குறைத்தார். 19 வயது என்பது யாது? நம் கல்லூரி வகுப்புக்களில் இன்று அமர்ந்திருப்போர் வயதே அது. அவ்வயதிற்குள் ஓர் இந்திய மாணவன் அயல்மொழியைக் கசடறக் கற்று, கடல் கடந்து, அம்மொழியையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளோடு போட்டியிட்டு வெல்லவேண்டும். கதவு திறந்திருப்பதாகவே சட்டம் கூறிற்று, நுழைவதுதான் இயலாததாயிற்று.

முன்னர்த் தம் ஒருவர்க்காக வழக்காடியவர் இப்போது யாவர்க்குமாக எழுந்தார். தமக்கோ அவ்வுத்தியோகம் மீளக் கிடைக்கப்போவதில்லை. 1877இல் ஆக்ரா, டில்லி, லாகூர், அமிர்தசரஸ், அலகாபாத், காசி முதலிய நகரங்களிற் சொற்பொழிவாற்றினார். பின்னர்ப் பம்பாய், சென்னை மாகாணங்களுக்கும் சென்றார். வயதெல்லையை உயர்த்துக, பரீட்சையை இந்தியாவிலும் ஒருங்கே நடத்துக என்பவையே அவர் வேண்டுகோள்கள். மொழியாலும் மதத்தாலும் வேறுபட்ட மக்கள் ஒரே விண்ணப்பத்திற்கு இணங்கினர். காங்கிரஸ் மகாசபை பிறப்பதற்கு எட்டாண்டு முந்திய செய்தி இது என்பதை நினைத்தல் வேண்டும். பார்லிமெண்டுக்குரிய அவ்விண்ணப்பத்தோடு லால்மோகன கோஷ் 1879இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

பயன் மெல்ல விளைந்தது. 1886இல் அமைந்த ஐச்சிஸன் குழு மேலெல்லை 23 ஆதல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1892இல் அது நடைமுறைக்கு வந்தது. சுரேந்திரநாதர் இதற்கிடையே பெங்காலி பத்திரிகையை நடத்தினார், 1883இல் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை புகுந்தார், ரிப்பன் கல்லூரியை வளர்த்தார். 1895இல் பூனாவிலும் 1902இல் அகமதாபாத்திலும் காங்கிரஸிற்குத் தலைமை தாங்கினார். 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்தார். முதுமையில் மிதவாதியாய் ஸர் பட்டம் ஏற்றதை இளைஞர் பலர் வெறுத்தனர்.

இந்திய மண்ணில் அப்பரீட்சை முதன்முறையாக நடைபெற்றது 1922இல், அலகாபாத் நகரில். அதனைக் கேட்டு இளமையில் ஊர்தோறும் அலைந்தவர் அப்பொழுது வங்காள அரசாங்கத்தில் மந்திரியாக இருந்தார், வயது 73. 1925ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் காலமானார்.