ரொட்டியை விலக்கிய மருத்துவர்

உடல்நலம் குன்றிய குழந்தைக்குப் பாலில் நனைத்த ரஸ்க் கொடுப்பது நம் வீடுகளில் நீண்டநாள் வழக்கம். எளிதில் செரிக்கும் என்பது நம்பிக்கை. போடிநாயக்கனூரில் எங்களுடன் வளரும் என் பேத்திக்கும் அதைத்தான் கொடுத்து வந்தோம். குழந்தையை நோயாளியாக்கியதே அந்த ரஸ்க்தான் என்பதை அறிய எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

வயிறு உப்பி, கை கால்கள் மெலிந்து, வயதுக்கேற்ற எடையின்றி அவள் வாடினாள். குடற்புழு மருந்து, இரும்புச்சத்து டானிக், காசநோய்ப் பரிசோதனை என எல்லாம் நடந்தன; பயன் இல்லை. சப்பாத்தியும் ரஸ்க்கும் கொடுக்கும் நாள்களில்தான் வயிற்றுப்போக்கு மிகுகிறது என்று முதலில் கவனித்தவர் என் மருமகள். அவரே கோதுமையை நிறுத்தினார். குழந்தை தேறத் தொடங்கினாள்.

பின்னர் மதுரையில் குழந்தையைப் பார்த்த மருத்துவர் ஒருவர், இது சீலியாக் நோயாக இருக்கலாம் என்றார். ஆனால், கோதுமையை நிறுத்தி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. கோதுமை உண்ணாதவரின் ரத்தத்தில் இந்நோய்க்குரிய எதிர்ப்பான்கள் குறைந்துவிடும். சிறுகுடலின் புண்ணும் ஆறத் தொடங்கிவிடும். எனவே, பரிசோதனைக்காகச் சில வாரங்கள் மீண்டும் கோதுமை கொடுக்க வேண்டும் என்றார். தேறிய குழந்தையை மீண்டும் நோயில் தள்ளினால்தான் நோயின் பெயர் உறுதியாகும் என்ற நிலை. அந்த வாரங்களில்தான் வில்லம் காரெல் டிக்கேயின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

டிக்கே 1905-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்தார். லைடனில் மருத்துவம் பயின்றபின், தி ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தை மருத்துவப் பயிற்சி பெற்றார். 1936-இல், 31 வயதிலேயே அம்மருத்துவமனையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

அன்று சீலியாக் நோய் பெரும் புதிராக இருந்தது. 1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விவரித்து, குணமாக வழி இருக்குமானால் அது உணவில்தான் இருக்கும் என்று ஊகித்தார். எந்த உணவு என்பதை அவரால் கண்டறிய இயலவில்லை. அவரிடம் வந்த ஒரு குழந்தை தினமும் கடல் மட்டி உண்டு தேறியது. மட்டிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பியது. 1924-இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையை அறிமுகப்படுத்தினார். குழந்தைகள் பிழைத்தார்கள். பெருமை முழுவதும் வாழைப்பழத்துக்குச் சென்றது; அந்த உணவில் ரொட்டி இல்லை என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. வாழை விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் அருகில் வாழும் எனக்கு இச்செய்தி புன்னகையைத் தந்தது; ஒரு நன்மைக்கான காரணத்தை இருப்பதில் தேடுகிறோமே தவிர, இல்லாததில் தேடுவதில்லை என்ற பாடத்தையும் தந்தது.

டிக்கே அந்த இல்லாததைத் தேடினார். ரொட்டியை நிறுத்தியதும் தன் குழந்தை நலம் பெறுவதாக ஒரு தாய் கூறியதே அவரது சிந்தனையைத் தூண்டியது என்பர். மருத்துவம் படிக்காத ஒரு பெண்ணின் சொல்லை அவர் ஒதுக்கிவிடவில்லை. 1930-களின் நடுப்பகுதியிலேயே கோதுமை இல்லாத உணவைச் சோதிக்கத் தொடங்கினார். 1941-இல் டச்சு மருத்துவ இதழ் ஒன்றில் அதைப் பற்றி எழுதினார். போர்க்காலத்தில் வாழைப்பழம் கிடைக்காத நிலையில், ரொட்டியும் ரஸ்க்கும் அற்ற எளிய உணவை அவர் பரிந்துரைத்தார்: இருவேளை சூடான சாப்பாடு, மூன்றாம் வேளைக்குக் கோதுமை மாவு சேராத கஞ்சி. ஏறத்தாழ நம் பாட்டிமார் உணவுதான் அது.

1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் மேற்கு நெதர்லாந்தில் கொடும் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ 20 ஆயிரம் பேர் மாண்டனர். மக்கள் துலிப் கிழங்குகளைத் தின்றனர். ரொட்டி அற்றுப்போன அந்நாள்களில் சீலியாக் குழந்தைகள் தேறினர், ரொட்டி வந்ததும் நோய் திரும்பியது, அதைக் கண்டே டிக்கே உண்மையை அறிந்தார் என்று பலரும் எழுதுகின்றனர். சுவையான கதை, ஆனால், காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. அவர் 1941-லேயே எழுதிவிட்டார். பல ஆண்டுக் கவனிப்பில் எழுந்த ஐயத்தைப் பஞ்சம் வலுப்படுத்தியிருக்கலாம், உருவாக்கவில்லை.

ஐயத்தை நிறுவுவதுதான் அவர் வாழ்வின் கடினமான பகுதி. அவரிடம் ரத்தப் பரிசோதனை இல்லை. குடலின் உட்பகுதியைக் காணும் கருவியும் இல்லை. எடைத் தராசும் வளர்ச்சி வரைபடமும் பொறுமையுமே இருந்தன. கோதுமையை நிறுத்தி, மீண்டும் கொடுத்து, மறுபடி நிறுத்தி, குழந்தைகளின் எடையும் உயரமும் எப்படி மாறின என்று பல ஆண்டுகள் பதிவு செய்தார். 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு அந்தப் பதிவுகளின் தொகுப்பே. மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளக்கும் முறையை உருவாக்கிய வேதியியலாளர் வான் டி காமர், குழந்தை மருத்துவர் வெயர்ஸ் ஆகியோருடன் இணைந்து ஆய்வைத் தொடர்ந்தார். கோதுமையின் மாவுச்சத்து தீங்கற்றது, குளூட்டன் என்னும் புரதப் பகுதியே தீங்கு செய்கிறது என்று 1953-க்குள் அவர்கள் நிறுவினர். அரிசியும் சோளமும் குற்றமற்றவை எனத் தெளிவாயிற்று.

நலமாக இருக்கும் குழந்தைக்கு மீண்டும் கோதுமை கொடுத்தபோது டிக்கேயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று என் பேத்தியின் தட்டில் சப்பாத்தியை வைத்த ஒவ்வொரு நாளும் எண்ணினேன். அவர் அதைச் செய்திராவிட்டால், உலகெங்கும் இன்று எத்தனையோ குழந்தைகளுக்கு மருந்தே இல்லாமல் உணவு மாற்றத்தால் மட்டும் கிடைக்கும் மறுவாழ்வு தள்ளிப்போயிருக்கும்.

1957-இல் டிக்கே உட்ரெக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் வில்ஹெல்மினா குழந்தைகள் மருத்துவமனையின் இயக்குநராகவும் ஆனார். 1962-இல், 57 வயதில் மறைந்தார். வாய்வழியாகக் குழாய் செலுத்திச் சிறுகுடல் திசுவை எடுக்கும் முறை அவரது இறுதி ஆண்டுகளில்தான் வந்தது. இன்று பயன்படும் எதிர்ப்பான் பரிசோதனைக்கு அடிப்படையான கண்டுபிடிப்பு, 1997-இல் ஜெர்மனியில் நிகழ்ந்தது.

அந்தப் பரிசோதனை ஏன் மலையடிவாரம் வரை எளிதில் வந்து சேரவில்லை? இந்தியாவில் 23,331 பேரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு, சீலியாக் எதிர்ப்பான்கள் வடக்கில் 1.23 சதவீதம் பேரிடமும், தெற்கில் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்ததாகக் கூறுகிறது. நோய்க்கு வழிவிடும் மரபணுவோ இரு பகுதிகளிலும் மூன்றில் ஒருவருக்கும் மேலாக, ஏறத்தாழ ஒரே அளவில் உள்ளது. பெரிதும் வேறுபடுவது உணவு. ஆய்வில் பங்கேற்றோர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம். தெற்கில் 25 கிராம்.

ஆனால், நம் தட்டும் மாறிக்கொண்டிருக்கிறது. இரவு உணவுக்குச் சப்பாத்தி, தெருமுனையில் பரோட்டா, குழந்தை கையில் பிஸ்கட். பொருளியல் படித்தவன் என்ற முறையில் இதில் ஒரு நச்சுச் சுழலைக் காண்கிறேன். நோய் அரிது என்பதால் ஐயம் எழுவதில்லை. ஐயம் எழாததால் பரிசோதனைக்குத் தேவை எழுவதில்லை. தேவை இல்லாத இடத்தில் வசதி வருவதில்லை. வசதி இல்லாததால் நோயாளிகள் கண்டறியப்படுவதில்லை. எனவே, நோய் அரிதாகவே தோன்றுகிறது. விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தாய்க்கு, மதுரைக்கு ஒருமுறை போய்வருவது என்றால் ஒருநாள் கூலி இழப்பு. அவள் குழந்தைக்கு இந்நோய் இருந்தால் யார் சொல்வார்கள்?

ஒவ்வொரு சிற்றூரிலும் ஆய்வகம் வேண்டியதில்லை. இரும்புச்சத்து கொடுத்தும் தீராத ரத்தசோகை, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, தடைப்பட்ட வளர்ச்சி ஆகியவை உள்ள குழந்தைகளின் ரத்த மாதிரியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்து, மண்டலத்துக்கு ஒரு பொது ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். பெற்றோர் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: ஐயம் எழுந்தால், மருத்துவரைக் கேட்காமல் கோதுமையை நிறுத்தக் கூடாது. பரிசோதனை முடிந்த பிறகே நிறுத்த வேண்டும். நாங்கள் செய்த தவறை மற்றவர்கள் செய்ய வேண்டாம்.

என் பேத்திக்கு ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் நோயை உறுதி செய்தன. இப்போது அவள் காலையில் இட்லியும் மாலையில் கேழ்வரகுக் கூழும் உண்கிறாள். வகுப்புத் தோழிகளின் உயரத்தை எட்டிவிட்டாள். அவளைக் காப்பாற்றிய முதல் சான்று எங்கள் சமையலறையில் ஒரு தாயின் கண்ணில் பட்டது. நாங்கள்தான் அதற்குச் செவிகொடுக்கத் தாமதித்தோம். தி ஹேக் நகரில் டிக்கே தாமதிக்கவில்லை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).