லிண்டன் ஜான்சன்: வியட்நாம் போருக்காக அதிபர் பொய் சொன்னாரா?

1964 மே 27. இந்தியாவில் நேரு மறைந்த நாள். அதே நாளில் வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், தன் பழைய நண்பரும் செனட்டருமான ரிச்சர்ட் ரஸ்ஸலுக்கு போன் போட்டார். பேச்சு வியட்நாமைப் பற்றியது. அங்கே போய் ஜெயிக்க வழி தெரியவில்லை, கழன்றுகொள்ளவும் வழி தெரியவில்லை என்று இரண்டு பேரும் மாறி மாறிப் புலம்பினார்கள். தன்னிடம் வேலை பார்க்கும் ஒரு சார்ஜென்ட்டைப் பற்றி ஜான்சன் சொன்னார். ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்த மனுஷனை எதற்காக அங்கே சாக அனுப்புவது என்பது அவர் கேள்வி. அடுத்த மூச்சிலேயே, வியட்நாமை விட்டுவிட்டு ஓடிவந்தால் தன் பதவியையே பறித்துவிடுவார்கள் என்ற பயமும் வெளிவந்தது.

அந்த உரையாடல் ஒலிநாடாவில் பதிவாகியிருந்தது. பதிவு செய்யச் சொன்னதே ஜான்சன்தான். 14 மாதம் கழித்து அதே ஜான்சன், வியட்நாமில் அமெரிக்கப் படையை 1,25,000 பேராக உயர்த்துவதாக டிவியில் அறிவித்தார். தனக்கே நம்பிக்கை இல்லாத போருக்கு மற்றவர் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பினாரே, அதை நேர்மையாகச் செய்தாரா என்று ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும் அப்போது அடித்துக்கொண்டன. வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள்.

87 ஓட்டு நாயகன்

ஜான்சன் பிறந்தது 1908 ஆகஸ்ட் 27, டெக்சாஸில் பெடர்னாலிஸ் ஆற்றங்கரையில் ஸ்டோன்வால் அருகே. அப்பா மாநில சட்டமன்ற உறுப்பினர். பருத்தியில் பணத்தைப் போட்டு நொடித்துப் போனவர். ஊரில் தலைநிமிர்ந்து நடந்த குடும்பம் கடன்காரக் குடும்பமானதைச் சிறுவன் பார்த்தே வளர்ந்தான். ஆசிரியர் கல்லூரியில் படிக்கும்போது நடுவில் ஓராண்டு கொட்டுலா என்ற ஊரில் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். பசியோடு பள்ளிக்கு வந்த அந்தப் பிள்ளைகளை அவர் கடைசிவரை மறக்கவில்லை. இது அரசியலுக்காகச் சொன்ன கதை இல்லை, நிஜம்.

28 வயதில், 1937ல், காங்கிரஸ் உறுப்பினர். 1941ல் செனட் தேர்தலில் 1,311 ஓட்டில் தோற்றார். எதிர்த்தரப்பு கடைசி நேரத்தில் ஓட்டுகளைச் சேர்த்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். பாடம் கற்றுக்கொண்டார். 1948ல் கோக் ஸ்டீவன்சனை எதிர்த்து மறுபடி நின்றபோது, வாக்குப்பதிவு முடிந்து ஆறு நாள் கழித்து, ஜிம் வெல்ஸ் மாவட்டத்தின் ஆலிஸ் ஊரில் 13ஆம் எண் பெட்டியில் 202 ஓட்டுகள் புதிதாக முளைத்தன. பெயர்கள் அகர வரிசையில், ஒரே கையெழுத்தில் இருந்தன. அதில் 200 ஓட்டு ஜான்சனுக்கு. சுமார் 10 லட்சம் ஓட்டு பதிவான தேர்தலில் அவர் 87 ஓட்டில் ஜெயித்தார். அந்த வாக்குச்சாவடியின் தேர்தல் அதிகாரியே 1977ல் அது மோசடி என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் ஜான்சன் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், வியட்நாம் விவகாரம் வெடித்தபோது எதிரிகள் எடுத்துப்போட்ட முதல் ஆயுதமே இந்தப் பழைய கணக்குதான். ஆள் அன்றிலிருந்தே இப்படித்தான் என்று சொல்வது சுலபமாகிவிட்டது.

செனட்டில் அவர் காட்டிய திறமை வேறு ரகம். 1955ல் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். ஒவ்வொரு உறுப்பினருக்கும் என்ன வேண்டும், எதற்குப் பயப்படுவார் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. தோளில் கை போட்டு, முகத்துக்கு முகம் நெருங்கி நின்று பேசியே காரியத்தை முடிப்பார். ஆளுக்கு ஆள் வேறு வேறு விதமாகப் பேசுவதும் அந்தத் தொழிலில் ஒரு பகுதி. நாலு சுவருக்குள் அது ராஜதந்திரம் எனப்பட்டது. நாட்டு மக்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதே வித்தை என்னவாகும்? 1963 நவம்பர் 22ல் கென்னடி கொல்லப்பட்டு, இவர் அதிபரான பிறகு அது தெரியவந்தது.

டோன்கின் வளைகுடாவில் நடந்தது என்ன?

1964 ஆகஸ்ட் 2. வட வியட்நாம் கடற்கரைக்கு அப்பால் ரோந்து போன மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாமின் டார்பிடோ படகுகள் தாக்கின. இது உண்மை. ஆகஸ்ட் 4 இரவு மேடாக்ஸும் டர்னர் ஜாய் என்ற இன்னொரு கப்பலும் மறுபடி தாக்கப்பட்டதாகத் தகவல் வந்தது. மோசமான வானிலை, கும்மிருட்டு. ரேடார், சோனார் கருவிகள் எதையெதையோ காட்டின. கொஞ்ச நேரத்திலேயே அங்கிருந்த தளபதி, தாக்குதல் நடந்ததா என்பதே சந்தேகம், முழுமையாக விசாரியுங்கள் என்று தந்தி அடித்தார். வாஷிங்டன் காத்திருக்கவில்லை. பாதுகாப்புத் துறைச் செயலர் ராபர்ட் மெக்னமாரா தாக்குதல் உறுதி என்றார். அன்றிரவே ஜான்சன் டிவியில் தோன்றிப் பதிலடியை அறிவித்தார்.

ஆகஸ்ட் 7ல் நாடாளுமன்றம் அவருக்குக் கிட்டத்தட்ட வெற்றுக் காசோலையைக் கையெழுத்திட்டுக் கொடுத்தது. பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0. செனட்டில் 88க்கு 2. எதிர்த்தவர்கள் வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ரூனிங். இருவருமே ஜான்சனின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அதே வாரங்களில், அதே கடற்கரையில், அமெரிக்கா திட்டம் போட்டுக் கொடுத்து தென் வியட்நாம் படகுகள் ரகசியமாகத் தாக்குதல் நடத்தின என்பதை உறுப்பினர்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. வட வியட்நாம் சும்மா இருந்தவனை அடித்தது என்ற சித்திரமே அவர்கள் முன் வைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 4 தாக்குதல் நடக்கவே இல்லை என்பதை அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்று ஆய்வாளரே எழுதிவைத்தார். 2005ல் அது வெளியானது. ஒட்டுக்கேட்ட செய்திகளில் முடிவுக்குத் தோதானவற்றை மட்டும் மேலே அனுப்பினார்கள் என்றும் அதில் இருந்தது. அப்படியானால் ஜான்சன் புளுகினாரா? அன்றைய ராத்திரியை மட்டும் எடுத்தால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தனக்குச் சொல்லப்பட்டதை நம்பினார். நம்ப அவருக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் சீக்கிரமே அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தபின் அதை நாட்டுக்குச் சொல்லாமல், கையில் கிடைத்த தீர்மானத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். தவறு அங்கேதான்.

நவம்பரில் தேர்தல். குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் போர்வெறியர், அணுகுண்டு போட்டுவிடுவார் என்று பிரசாரம் ஓடியது. ஆசியர்கள் செய்ய வேண்டிய சண்டைக்கு அமெரிக்கப் பிள்ளைகளை அனுப்பமாட்டேன் என்று ஜான்சன் மேடை மேடையாகச் சொன்னார். 61 சதவீத ஓட்டு, 44 மாநிலங்கள் என்று அள்ளினார். 1965 மார்ச் 2ல் வட வியட்நாம் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. மார்ச் 8ல் 3,500 கடற்படைத் துருப்புகள் தா நாங் கரையில் இறங்கின. கோல்ட்வாட்டர் செய்வார் என்று பயமுறுத்தியதை நீங்களே செய்கிறீர்களே என்று குடியரசுக் கட்சிக்காரர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஒன்பது நாள்

ஜான்சனின் பெருமையும் சிறுமையும் ஒன்றாகத் தெரிவது 1965ன் கோடையில்தான். ஏப்ரல் 6ல் ஒரு ரகசிய உத்தரவு போட்டார். முகாமைக் காவல் காக்கப் போன வீரர்கள் இனி நேரடியாகத் தாக்கலாம் என்பது அதன் சாரம். இது கொள்கை மாற்றம் போலத் தெரியக் கூடாது, முன்கூட்டியே விளம்பரம் ஆகிவிடக் கூடாது என்ற குறிப்பும் அதிலேயே இருந்தது. ஜூன் மாதம் வெளியுறவுத் துறைப் பேச்சாளர் ஒருவர் வாய்தவறிச் சொன்னது போலச் சொல்லித்தான் நாட்டுக்கு விஷயம் தெரிந்தது.

ஜூலை 28ல், டிவி பார்ப்பவர்கள் குறைவாக இருக்கும் மதிய நேரத்தில், படையை 75,000லிருந்து 1,25,000 ஆக்குவதாக அறிவித்தார். அதைவிட அதிகம் அனுப்ப உள்ளுக்குள் முடிவாகிவிட்டது. சொல்லவில்லை. ரிசர்வ் படையை அழைக்கவில்லை. வரியும் போடவில்லை. போருக்குப் போகிறோம் என்ற உணர்வே நாட்டுக்கு வராமல் பார்த்துக்கிட்டார்.

ஏன் இந்த ஒளிவுமறைவு? இரண்டு நாள் கழித்து, ஜூலை 30ல், முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 6ல் கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமையை நிஜமாக்கிய வாக்குரிமைச் சட்டம். போர் என்று வாயைத் திறந்தால் காங்கிரஸில் உள்ள பழமைவாதிகள், பணம் போருக்கே சரியாகிவிடும், ஏழைகளுக்கான திட்டங்களைக் கைவிடுங்கள் என்று சொல்வார்கள். வியட்நாமைக் கைவிட்டாலோ கோழை என்பார்கள். இரண்டையும் காப்பாற்ற அவர் கண்ட வழி, போரைச் சின்னதாகக் காட்டுவது. கொட்டுலா பள்ளியில் பாடம் எடுத்த மனிதரும் 13ஆம் பெட்டியின் மனிதரும் அந்த ஒன்பது நாளில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறைத்த செலவு மூன்றே வருஷத்தில் விலைவாசியாகத் திரும்பி வந்தது. 1968ல் 10 சதவீத கூடுதல் வரி போட வேண்டிவந்தது. அதற்கு விலையாக, அவர் காப்பாற்ற நினைத்த அதே திட்டங்கள் உட்பட அரசின் செலவில் 600 கோடி டாலரை வெட்டச் சம்மதித்தார்.

போரை விமர்சித்தவர்களை அவர் எப்படி நடத்தினார் என்பது நமக்கும் கொஞ்சம் தெரியும். 1965, 66ல் வறட்சியில் தவித்த இந்தியாவுக்குக் கோதுமையை மொத்தமாக ஒப்புக்கொள்ளாமல், கப்பல் கப்பலாக, தன் கையெழுத்துக்குக் காத்திருக்க வைத்து அனுப்பினார். விவசாயத்தைச் சீர்திருத்த வைப்பது ஒரு நோக்கம். வியட்நாம் குண்டுவீச்சை டெல்லி கண்டித்த எரிச்சலும் கலந்திருந்தது. அந்தப் பேரத்தை இந்தியாவுக்காக நடத்தியவர் உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம்.

யார் யாரைத் திட்டினார்கள்?

இந்தச் சண்டை நாம் பழகிய ஆளுங்கட்சி - எதிர்க்கட்சிச் சண்டை போல இல்லை. குடியரசுக் கட்சியில் பலர் போரை ஆதரித்தார்கள். செனட்டில் அக்கட்சியின் தலைவர் எவரெட் டர்க்சன் ஜான்சனுக்குக் கைகொடுத்தார். போரை நடத்துங்கள், ஆனால் கணக்கை மறைக்காமல் நடத்துங்கள் என்பது அவர்கள் வாதம். பெரிய அடி சொந்த வீட்டிலிருந்தே விழுந்தது. டோன்கின் தீர்மானத்தை செனட்டில் முன்னின்று நிறைவேற்றிக் கொடுத்த வில்லியம் ஃபுல்பிரைட், தான் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்து, 1966 பிப்ரவரியில் டிவி நேரலையோடு பொது விசாரணை நடத்தினார்.

பத்திரிகைகள் நம்பகத்தன்மை இடைவெளி என்று புதுப் பெயர் வைத்தன. அதிபர் பொய் சொல்வதை எப்படிக் கண்டுபிடிப்பது, உதடு அசைந்தால் பொய் என்று ஜோக் பரவியது. அவரும் சும்மா இருக்கவில்லை. கொரியாவில் வீரர்களிடம் பேசும்போது, தன் மூதாதை ஒருவர் அலமோ கோட்டைச் சண்டையில் செத்ததாகச் சொன்னார். அப்படி ஒருவர் சாகவே இல்லை. எந்தப் பயனும் இல்லாத இந்தப் பொய், பெரிய பொய்களைவிட அவர் பெயரை அதிகம் கெடுத்தது. 1966 தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 47 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது.

1967 இறுதியில் போர் முடிவை நெருங்குவதாகத் தளபதிகள் வந்து நம்பிக்கை சொன்னார்கள். 1968 ஜனவரி இறுதியில், வியட்நாமியப் புத்தாண்டு நாளில், 100க்கும் மேற்பட்ட ஊர்களில் ஒரே நேரத்தில் தாக்குதல் நடந்தது. சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே ஆட்கள் நுழைந்துவிட்டார்கள். ராணுவ ரீதியில் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் பெரிய இழப்பு. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் ஜான்சன். அவர் சொன்னால் நம்ப ஆளில்லை. மார்ச் 12ல் நியூ ஹாம்ப்ஷயர் முதன்மைத் தேர்தலில் போர் எதிர்ப்பாளர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கினார். மார்ச் 31ல், குண்டுவீச்சைக் குறைப்பதாக அறிவித்த உரையின் முடிவில், தான் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் சொல்லிவிட்டார்.

திறக்காத உறை

அக்டோபர் 31ல் குண்டுவீச்சை முழுவதுமாக நிறுத்தி, பாரிஸில் சமாதானப் பேச்சைத் தொடங்க ஏற்பாடு செய்தார். நவம்பர் 5ல் தேர்தல். இது ஓட்டுக்கான நாடகம் என்று குடியரசுக் கட்சியினர் உடனே சந்தேகம் கிளப்பினார்கள். நவம்பர் 2ல் தென் வியட்நாம் அதிபர் தியூ பேச்சுக்கு வரமாட்டேன் என்று பின்வாங்கினார். அவசரப்படாதீர்கள், நிக்சன் வந்தால் நல்ல பேரம் கிடைக்கும் என்று நிக்சன் தரப்பிலிருந்து அன்னா செனால்ட் என்ற பிரமுகர் மூலம் சைகோனுக்குச் செய்தி போனது உளவுத் துறை வழியாக ஜான்சனுக்குத் தெரியும். டர்க்சனிடம் போனில் இதைத் தேசத்துரோகம் என்றே கொதித்தார். மறுநாள் நிக்சனிடமே பேசினார். நிக்சன் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தார். நிக்சனே அதைக் குலைக்கச் சொன்னதற்கான உதவியாளரின் குறிப்பு 2016 வாக்கில்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

ஜான்சன் அதை நாட்டுக்குச் சொல்லவில்லை. நிக்சன் நேரடியாகச் சம்பந்தப்பட்டதற்கு ஆதாரம் போதவில்லை, கையில் இருந்ததும் ஒட்டுக்கேட்ட தகவல் என்று ஆலோசகர்கள் தயங்கினார்கள். இன்னொன்றும் இருந்தது. நான்கு வருஷமாகக் கணக்கை மறைத்தவர், தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு எதிர்க்கட்சி வேட்பாளர் மேல் இப்படி ஒரு குற்றம் சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்? ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் நிக்சன் ஜெயித்தார். போர் மேலும் நான்கு ஆண்டு நீண்டது. ஜான்சன் காலத்தில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்திருந்தார்கள். வியட்நாமியர்களின் சாவு அதைப் போலப் பல மடங்கு.

1973 ஜனவரி 22ல் டெக்சாஸ் பண்ணை வீட்டில் மாரடைப்பால் ஜான்சன் இறந்தார். மறுநாள் இரவு, சமாதான உடன்பாடு ஆகிவிட்டது என்று நிக்சன் டிவியில் அறிவித்தார். 1968 ஆவணங்களை ஓர் உறையில் போட்டு, 50 வருஷம் திறக்கக் கூடாது என்று சொல்லி, ஆலோசகர் வால்ட் ராஸ்டோ ஜான்சன் நூலகத்தில் ஒப்படைத்தார். ஜான்சனும் தன் தொலைபேசி ஒலிநாடாக்களை, தான் இறந்து 50 வருஷம் கழித்தே திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்தக் கணக்குப்படி 2023ல்தான் அவை வெளியே வந்திருக்க வேண்டும். நாடாக்கள் கெட்டுப்போய்விடும் என்ற கவலையில், 1990களிலேயே நூலகம் அவற்றைத் திறந்துவிட்டது.