குருவைத் தேடி அலைந்த குருநாதர்

வடநாட்டில் ராம்பூர் என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. ஒரு நாள் அந்த ஊர்ச் சாலையில் நவாபின் வண்டி வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு வாலிபன் ஓடிவந்து வண்டிக்கு முன்னால் விழுந்தான். காவலர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி நின்றது.

அவன் கையில் ஒரு மனு இருந்தது. அதில் அவன் பொன் கேட்கவில்லை, உத்தியோகம் கேட்கவில்லை. சங்கீதம் சொல்லிக்கொடுக்க ஒரு குரு வேண்டும் என்று கேட்டிருந்தான்.

அந்த வாலிபன்தான் பிற்காலத்தில் நாடே போற்றிய இசை மேதை உஸ்தாத் அலாவுதீன் கான். சிதார் மேதை ரவிசங்கரின் குருநாதர் அவர்.

கோயிலில் கேட்ட பாட்டு

கிழக்கு வங்காளத்தில் சிப்பூர் என்ற சிற்றூரில் அவன் பிறந்தான். அந்த ஊர் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. தகப்பனார் சிதார் வாசிப்பார். அண்ணன் புல்லாங்குழல் ஊதுவார்; தபலா தட்டுவார். சிறுவன் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தான். பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு, சிவன் கோயிலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பான். வீட்டாருக்குத் தெரிந்தது. அடி விழுந்தது. ஆசை மட்டும் அடங்கவில்லை.

ஒரு நாள் வீட்டை விட்டே ஓடிவிட்டான். கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தான். தர்மச் சோறு தின்றான். இடம் கிடைத்த இடத்தில் படுத்தான். பாட்டுச் சொல்லித்தர யாராவது கிடைப்பார்களா என்று தெருத்தெருவாக அலைந்தான்.

நூலோ கோபால் என்ற பெரிய பாடகர் அவனை ஏற்றுக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் ஸ்வரம் மட்டுமே சாதகம் செய்ய வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. பையன் சம்மதித்தான். ஏழு வருஷம் ஓடியது. கோபால் பிளேக் நோயில் இறந்துபோனார். மீண்டும் அநாதையானான் சீடன்.

இனிப் பாடுவதில்லை, வாத்தியம்தான் என்று முடிவு செய்தான். ஸ்டார் நாடக அரங்கின் இசை அமைப்பாளர் அமிர்தலால் தத்தரிடம் சேர்ந்தான். மாண்டலின், பாஞ்சோ, புல்லாங்குழல் என்று பல வாத்தியங்கள் கைவந்தன. கோவாவைச் சேர்ந்த பாண்டு மாஸ்டர் லோபோவிடம் மேல்நாட்டு முறையில் பிடில் கற்றான்.

கர்வம் கரைந்தது

இத்தனையும் தெரிந்ததும் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. தன் திறமையைக் காட்ட முக்தாகாச்சா ஜமீன்தார் மாளிகைக்குப் போனான். அங்கே அகமது அலி கான் சரோட் வாசித்துக்கொண்டிருந்தார். சரோட் என்பது மடியில் வைத்து மீட்டும் தந்தி வாத்தியம். அந்த நாதத்தைக் கேட்டதும் வாலிபனுக்குக் கண்ணீர் பெருகியது. கர்வம் போன இடம் தெரியவில்லை. அவர் காலில் விழுந்தான்.

அவருக்குச் சமைத்துப் போட்டான், துணி துவைத்தான். பாடம் கிடைத்ததோ கொஞ்சம்தான். அவர் சாதகம் செய்யும்போது ஒதுங்கி நின்று கேட்டே பலவற்றைப் பிடித்துக்கொண்டான்.

பிறகுதான் ராம்பூர். அங்கே ஆஸ்தான வித்வானாக இருந்தவர் வசீர் கான். அக்பர் சபையில் பாடிய தான்சேனின் பரம்பரை. வெளியாருக்கு அந்த வீட்டு வித்தை எளிதில் கிடைக்காது. வாசலில் காத்துக் காத்துப் பார்த்தும் உள்ளே விடவில்லை. வேறு வழியில்லாமல்தான் நவாபின் வண்டிக்கு முன்னால் விழுந்தான்.

நவாப் அவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், வியந்தார். அவரே சிபாரிசு செய்தார். வசீர் கான் சீடனாக ஏற்றுக்கொண்டார். ஆனால் அதன் பிறகும் இரண்டு வருஷத்துக்கு மேல் பாடம் நடக்கவில்லை! ஊரில் அவனுடைய இளம் மனைவி படும் துயரம் காதுக்கு எட்டிய பிறகே குருவின் மனம் இளகியது என்று சொல்வார்கள். அதன்பின் மனம் திறந்து கற்பித்தார். ஆனாலும் வீணையை மட்டும் தம் குடும்பத்துக்கென்றே வைத்துக்கொண்டார்.

மைஹர் வீட்டு வாசல்

1918-ல் மைஹர் மகாராஜா தம் அரண்மனை வித்வானாக அலாவுதீன் கானை அமர்த்திக்கொண்டார். மைஹர் இப்போது மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கே கொள்ளை நோயில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அவர்களைத் திரட்டி வாத்தியம் கற்பித்து, ஒரு வாத்தியக் குழுவே அமைத்தார். துப்பாக்கிக் குழாய்களை வெட்டிக் கோத்து ஒரு புது வாத்தியமும் செய்தார்.

அவர் மகா கோபக்காரர். தப்பாக வாசித்தால் அடியும் விழும். ஆனால் கற்க வந்தவனிடம் சாதி, மதம் பார்க்கவில்லை. 1938-ல் ரவிசங்கர் வந்து சேர்ந்தார். மகன் அலி அக்பர், நிகில் பானர்ஜி என்று சீடர் கூட்டம் பெருகியது.

ஆயினும் ஒருவருக்கு மட்டும் அந்தக் கதவு சாத்தியிருந்தது. அது அவருடைய சொந்த மகள் அன்னபூர்ணாவுக்கு!

மூத்த மகள் சங்கீதம் கற்றதால் புகுந்த வீட்டில் மிகவும் துன்பப்பட்டாள். இளையவளுக்கும் அந்தக் கதி வரக்கூடாதென்று தகப்பனார் அஞ்சினார். ஆனால் சிறுமி, அண்ணன் பாடம் கேட்பதை ஒதுங்கி இருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் அலி அக்பர் தவறாக வாசித்தான். தங்கை அதைத் திருத்திப் பாடிக் காட்டினாள். வெளியே போயிருந்த தகப்பனார் அந்த நேரம் திரும்பி வந்து பின்னால் நின்று கேட்டார். மகள் பயந்து நடுங்கினாள். அவர் கோபிக்கவில்லை. அவளை அழைத்துத் தம்பூராவைக் கையில் கொடுத்தார். அன்றே பாடம் தொடங்கியது.

சிறு வயதில் ஒளிந்து நின்று பாட்டுக் கேட்டு, அதற்காக அடி வாங்கியவர் அல்லவா அவர்?

1971-ல் அவருக்குப் பத்மவிபூஷண் பட்டம் கிடைத்தது. 1972 செப்டம்பர் 6-ம் தேதி மைஹரில் காலமானார். அன்னபூர்ணா தேவி 2018 வரை வாழ்ந்தார். புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா உட்படப் பலருக்கு அவரே குருவானார்.