தட்டு உடைத்த பணிப்பெண்!

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைக்குப் போயிருக்கிறீர்களா? 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஏற்றும் மகாதீபம், கீழே மாடவீதியில் நிற்கும் நமக்கும் பளிச்சென்று தெரியும்.

அந்த ஒளி கண்ணுக்குள் வந்தால் மட்டும் போதாது. பார்வை நரம்பு அதை மூளைக்குக் கொண்டு போக வேண்டும். மின்கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறது அல்லவா? அதுபோல இந்த நரம்பு இழைகளின் மேலும், 'மயலின்' என்ற உறை உண்டு. அது சிதைந்தால் பார்வை மங்கும். மூளையிலும் தண்டுவடத்திலும் சிதைந்தால் கை நடுங்கும், நடை தள்ளாடும். இதைத் தனி நோய் என்று விளக்கிய டாக்டரின் கதை தெரியுமா?

அவர் பெயர் ஜான் மார்ட்டின் ஷார்கோ. 1825ல் பாரிஸ் நகரில் பிறந்தார். அப்பா குதிரை வண்டி செய்பவர். டாக்டரான ஷார்கோ, 1862ல் சால்பெத்ரியே மருத்துவமனையில் பொறுப்பேற்றார். தீராத நோய் கொண்ட ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருந்தனர். அவர்கள் நடப்பதையும் பேசுவதையும் பொறுமையாகக் கவனித்தார் ஷார்கோ.

அவர் வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் கை நடுக்கம் இருந்தது. தட்டுகளும் கோப்பைகளும் அடிக்கடி உடைந்தன, செலவு ஏறியது. ஆனாலும் ஷார்கோ அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்த நடுக்கத்தை வேறு நோய் என்றுதான் டாக்டர்கள் நினைத்திருந்தனர். அவள் இறந்த பிறகு பரிசோதித்தபோது உண்மை தெரிந்தது. இதை அவருடைய மாணவர் சிக்மண்ட் ஃப்ராய்டு எழுதி வைத்திருக்கிறார்.

1868ல் ஷார்கோ விளக்கிய அந்த நோயை, இன்று 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்கிறோம். அவரிடம் அதற்கு மருந்து இல்லை. 1893ல் அவர் மறைந்தார். இன்று நோயைக் கட்டுப்படுத்த மருந்துகள் வந்துவிட்டன.

சிலருக்கு இந்த நோய் கண்ணில்தான் ஆரம்பிக்கும். ஒரு கண் வலிக்கும்; பார்வை மங்கும்; சிவப்பு நிறம் வெளுத்துத் தெரியும். அப்போது மூடிய இமை மேல் 'ஜெல்' தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியை மெதுவாக வைப்பார்கள். நம் காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய், எதிரொலியாகத் திரும்பி வரும். அதை வைத்து, பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று அளந்து பார்க்கலாம். ஊசி கிடையாது, வலியும் கிடையாது. நோயை உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுப்பார்கள்.

நண்பன் கையிலிருந்து டம்ளர் அடிக்கடி விழுந்தால், சிரிக்காமல் கவனியுங்கள் குட்டீஸ். உங்கள் கண் வலித்து, பார்வை மங்கினால், மறைக்காமல் உடனே அம்மாவிடம் சொல்லுங்கள். சரியா?