கடல் ஏன் நீலம்? ராமன் கேட்ட கேள்வி மீன் சோதனைக்கு உதவுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை அயோத்தியாப்பட்டணத்தில் மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், சதையை அமுக்கிப் பார்ப்பார். மீன் பழசா புதுசா என்று தெரிந்துவிடும். ஆனா, வளர்ப்புக் குட்டையில் பூஞ்சைக்காக மாலகைட் கிரீன் சாயம் போட்டிருந்தால்? அது நிறமே இல்லாத வடிவத்துக்கு மாறி சதையில் தங்கிவிடும். புற்றுநோய் அச்சத்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாப்பிடும் மீனுக்கு இதைப் பயன்படுத்த அனுமதி இல்லை.

கண்ணுக்குத் தெரியாத இதைப் பிடிக்க உதவும் வழிகளில் ஒன்று, திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனின் பெயரில் இருக்கிறது.

ஆபீஸ் முடிந்ததும் ஆய்வு

1888 நவம்பர் 7-ல் பிறந்தவர் ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆனார். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பவ்பஜார் தெரு ஆய்வகத்தில்தான். 1917-ல் அரசு வேலையை விட்டு, குறைந்த சம்பளத்தில் பேராசிரியர் ஆனார்.

கப்பலில் கிடைத்த விடை

1921-ல் இங்கிலாந்து போய்த் திரும்பும் வழி. வானம் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலம் என்பது அன்றைய விளக்கம். ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தை வைத்து அந்தப் பிரதிபலிப்பைத் தடுத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை! தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று புரிந்தது.

அதைத் தொடர்ந்து கே.எஸ். கிருஷ்ணனுடன் செய்த ஆய்வில், 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு தெரியவந்தது. சிதறும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும், கைரேகை மாதிரி. 1930-ல் நோபல் பரிசு.

மீனில் எப்படி?

இந்த ஒளி மிக மங்கலானது. 1960-ல் வந்த லேசரும், 1970-களில் தெரியவந்த வெள்ளிப் பரப்பு உத்தியும் அதைப் பல மடங்கு பெருக்கின. மீன் சதையிலிருந்து பிரித்தெடுத்த கரைசலை வெள்ளி நுண்துகளில் வைத்து லேசர் அடித்தால், மாலகைட் கிரீனின் கைரேகை தெரியும். ஆய்வகங்கள் இதைச் செய்து காட்டியுள்ளன.

ஆனா, இது முதல்கட்ட வடிகட்டல்தான். எவ்வளவு இருக்கிறது என்று உறுதி செய்ய இன்றும் குரோமட்டோகிராபியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் வேண்டும். மாதிரி எடுத்து அனுப்ப ஆள் வேண்டும். சோதிக்காத மீனில் எந்தக் கருவியும் எதையும் கண்டுபிடிக்காது.

ராமன் 1970 நவம்பர் 21-ல் பெங்களூருவில் காலமானார். வெறும் கண்ணால் பார்த்தது போதாது என்று பட்டகத்தை எடுத்தவர் அவர். மீன் விஷயத்திலும் நமக்குத் தேவை அதுதான்.