கார்ல் தியோடர் டிரையர்

பேரும் பொருளும் விரைவில் ஈட்டுதற்குரிய தொழிலென்றே சலனப்படத் தொழிலை உலகத்தார் கருதுவர். அதனையே ஒரு தவமாக மேற்கொண்டு, தாம் மெய்யெனக் கண்டதைக் காட்டுதற்பொருட்டுத் தோல்வியையும் இகழ்ச்சியையும் பொறுத்த பெரியார் ஒருவர் டென்மார்க்குத் தேசத்தில் வாழ்ந்தார். அவரே டிரையர்.

இவர் 1889ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3ஆம் நாள் கோபன்ஹேகன் நகரிற் பிறந்தார். ஈன்ற தாய் மணமாகாத ஏழைப் பணிப்பெண். ஆதலின் குழந்தை, அச்சுக்கோக்குந் தொழிலினராகிய டிரையர் என்பார் இல்லத்திற் சுவீகார புத்திரனாய் வளர்ந்தது. சில ஆண்டுகளில் ஈன்றவளும் இறந்தாள். துன்புறும் மாதரின் முகம் இவர்தம் படங்களில் இடையறாது தோன்றுதற்கு இதுவே காரணமென்பர்.

பத்திரிகைத் தொழிலிற் பயின்ற இவர், 1919இல் தம் முதற்படத்தை வெளியிட்டார். இவர் புகழை நிலைநாட்டியது, 1928இல் வெளிவந்த ஜோன் ஆவ் ஆர்க் என்னும் கன்னியின் பாடுகளைக் கூறும் பேசாப்படமாகும். 1431இல் ரூவான் நகரில் அவள் விசாரிக்கப்பட்டு எரியுண்ட வரலாற்றை, விசாரணைப் பதிவுகளைக் கொண்டே அமைத்தார். பெருஞ்செலவிற் கோட்டை யொன்று எழுப்பியும் அதனைப் பெரிதுங் காட்டாது, ஒப்பனையற்ற மனித முகங்களையே மிக அண்மையிற் காட்டினார். கன்னியாக நடித்த பால்கொனெத்தி அம்மையாரின் தலைமயிரும் படத்திற்கெனக் களையப்பட்டது. பாரிஸ் அத்தியட்சர் எதிர்க்கவே, பல பகுதிகள் வெட்டுண்டன. மூலச்சுருள் பெர்லினிற் தீக்கிரையாயிற்று. எஞ்சிய காட்சிகளைக்கொண்டு மீண்டுந் தொகுத்த படமும் நெருப்பிலேயே அழிந்தது. எரிக்கப்பட்டவளின் கதைக்கும் எரியே கூற்றாயிற்று. ஆயினும், வெட்டப்படாத பிரதியொன்று 1981இல் நார்வே தேசத்து மனநோய் மருத்துவமனை ஒன்றிற் கிடைத்தது. அதனைக் காண டிரையர் உயிரோடில்லை.

1932இல் வந்த அடுத்த படம் தோல்வியுற்றது. அதன்பின் 11 ஆண்டுகள் முழுநீளப் படமெடுக்க வழியின்றி, மீண்டும் பத்திரிகைகளுக்கு எழுதிக் காலங்கழித்தார். 1943இல், நாஜிகளின் ஆட்சிக்குட்பட்டிருந்த தம் நாட்டிலேயே, சூனியக்காரியரென மாதரைச் சுட்டெரித்த பழங்காலக் கொடுமையைப் படமாக்கினார். தங்கள் நிலையையே அதிற் கண்டனர் மக்கள். இவரும் சுவீடனுக்குச் செல்ல நேர்ந்தது. 1944இல் ஜெர்மானியராற் கொலையுண்ட கை முங்க் போதகரது நாடகத்தை 1955இல் ‘வார்த்தை’ என்னும் படமாக்கினார். மரித்த பெண்ணொருத்தி விசுவாசத்தால் எழுவதை அது காட்டும். வெனிஸ் நகரில் அதற்குப் பொற்சிங்கப் பரிசு கிடைத்தது.

இயேசுநாதரின் சரித்திரத்தைப் படமாக்குதலே இவர்தம் நெடுநாளைய வேட்கை. அவரை யூதருள் யூதராகவே காட்டவும், அவரது மரணப்பழியை யூதகுலத்தின்மேற் சுமத்தும் கொடுமையை நீக்கவும் விரும்பினார். அதற்கென எபிரேய மொழி பயின்றார். படக்கதையும் எழுதி முடித்தார். பொருளுதவிமட்டும் நெடுநாள் கிட்டவில்லை. 1964இல் வெளிவந்த இறுதிப்படத்தைப் பாரிஸ் நகரத்தார் எள்ளினர். 1968ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் நாள், அவ்வேட்கை நிறைவேறாமலே இவர் காலமானார்.

நாற்பத்தைந்து ஆண்டுகளில் இவர் முடித்த முழுநீளப் படங்கள் பதினான்கே. முடிவுற்ற அப்பதினான்கினும், முடிவுறாத அவ்வொன்றே இவரை நமக்கு அணியராக்குகின்றது. பயன் கைகூடுமென்னும் உறுதியின்றியும், முதுமையில் ஒரு மொழியின் அரிச்சுவடியைக் கையிலெடுத்த அவ்வுழைப்பு மாணாக்கராகிய நம் உள்ளத்தில் நிலைபெறுவதாக.