கல்லைத் திருப்பிப் பார்த்தவர்

பிள்ளைகளே, ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் கல் பொறுக்கியிருக்கிறீர்களா? அலை உருட்டிய கல் வழுவழுப்பாக இருக்கும், இல்லையா? இதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைக் கேளுங்கோ.

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1834இல் இங்கிலாந்தில் பிறந்தார். 1858இல் இந்தியாவுக்கு வேலைக்கு வந்தார். என்ன வேலை தெரியுமா? ஊர் ஊராகப் போய்ப் பாறைகளை ஆராய்வதுதான்!

1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, சென்னைக்குப் பக்கத்தில் உள்ள பல்லாவரத்தில், சரளைக்கல் தோண்டிய ஒரு குழியில் ஒரு கல்லைக் கண்டார். அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது குவார்ட்சைட் என்னும் கடினமான கல். இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாக உடைத்து எடுத்த அடையாளம் இருந்தது. விளிம்பு கூராக இருந்தது. தண்ணீர் உருட்டினால் கல் இப்படி ஆகுமா? ஆகாது. யாரோ ஒருவர் கையால் செய்த கருவி அது! அதன் பெயர் கைக்கோடரி.

இந்தியாவிலும் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்று அந்தக் கல் காட்டியது. அதே ஆண்டில் அத்திரம்பாக்கம் என்ற ஊரிலும் இப்படிக் கருவிகள் கிடைத்தன. அங்கே கிடைத்த சில கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வயது என்று பிற்கால ஆய்வு சொல்கிறது.

ஃபூட் 1912இல் இறந்தார். அவர் சேர்த்த கருவிகள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சென்னைக்குப் போனால், அங்கே கற்காலக் கருவிகளைப் பாருங்கோ. முதலில் விளிம்பைப் பாருங்கோ!